ஓரம் இல்லாத தாள்

இலை உதிர்ந்து முடிந்த பிறகுதான் கோசோவை வெட்டுவார்கள். ஜப்பானில் மினோ, ஒகாவா, ஹமாதா பக்கத்து ஊர்களில் குளிர்காலம்தான் தாள் வேலைக்கு உகந்த பருவம். கோசோ, மல்பெரி இனத்துச் செடி. ஓராண்டு வளர்ந்த கிளைகளை அடியோடு அரிந்தாலும், வேர்க்கட்டை அடுத்த வசந்தத்தில் மறுபடி துளிர்விடும். கைவினைக் கடையில் ‘ரைஸ் பேப்பர்’ என்று கேட்டு வாங்குகிறோமே, பூவும் பறவையும் அச்சடித்த அந்த மெல்லிய தாள், அதன் குலத்துக்கு வேர் இங்கே இருக்கிறது.

பெயரில்தான் அரிசி, தாளில் இல்லை. சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்து ஷுவான் தாளில் மரப்பட்டையோடு நெல் வைக்கோலும் சேர்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கேன்டன் துறைமுகத்தில் ஐரோப்பியர் வாங்கிப்போன சிறு ஓவியங்களோ, நம் நெட்டியைப் போன்ற தண்டுச் சோற்றை ஏடாகச் சீவி அதன்மேல் தீட்டப்பட்டவை. வெளுப்பாகவும் மெல்லியதாகவும் கண்ட கிழக்கத்தியத் தாள் எல்லாவற்றுக்கும் மேற்கே ஒரே பெயர் வைத்தார்கள். கோசோத் தாளுக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

வெட்டிய கிளைகளைக் கட்டுக்கட்டாக ஆவியில் வேகவைத்ததும் பட்டை எளிதாக உரிந்து வரும். கறுப்பு மேல்தோலைச் சுரண்டி, உள்ளிருக்கும் வெள்ளைப் பட்டையை மட்டும் எடுத்துக் காரநீரில் கொதிக்கவிடுவார்கள். பிறகு ஓடும் தண்ணீருக்கு அருகே குனிந்து உட்கார்ந்து, பட்டையில் ஒட்டியிருக்கும் கறுப்புத் துணுக்குகளை விரலால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். குளிரில் விரல் விறைக்கிற வேலை அது. அதன் பிறகு பட்டையை அடிப்பார்கள். நாரை நறுக்காமல் பிரிப்பதற்கான அடி. மரக்கூழ் நார் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். கோசோ நாரோ ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். இந்தத் தாளின் வாழ்க்கையில் பின்னால் நடப்பதெல்லாம் இந்த நீளத்தால் நடப்பதுதான்.

தொட்டித் தண்ணீரில் நாரோடு இன்னொன்றும் கலக்கிறார்கள்: தொரொரோ-அவோய் செடியின் வேரிலிருந்து வடியும் கொழகொழப்பு. நம் வெண்டைக்கு உறவுக்காரச் செடி. வெண்டைக்காய் நறுக்கியவர்களுக்கு அந்தப் பிசுபிசுப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது நார்களை அடியில் படியவிடாமல் மிதக்க வைக்கும். தண்ணீரையும் மெதுவாக வடியச் செய்யும். மூங்கில் சல்லடையை முன்னும் பின்னும் அலைத்து அலைத்து அள்ளும்போது நார்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பின்னிக்கொள்கின்றன. ஈரத் தாள்களை இடையில் துணிகூட வைக்காமல் அடுக்கி அழுத்துகிறார்கள். அப்படியும் பின்னால் ஒவ்வொன்றாகப் பிரிந்து வருகின்றன. வெப்பம் ஏறினால் அந்தக் கொழகொழப்பு நீர்த்துப்போகும். குளிர்காலத்தை நாடுவதற்கு அதுவும் ஒரு காரணம். மேலே சொன்ன மூன்று ஊர்களின் தாள் செய்யும் மரபை 2014இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஜப்பானியத் தாள் ஐரோப்பாவுக்கு டச்சுக் கப்பல்களில் போனது. 1640களின் பிற்பகுதியிலிருந்து ரெம்பிராண்ட் தன் செதுக்கோவியங்கள் சிலவற்றை அதில் அச்சிட்டார். மையை அது இதமாக உறிஞ்சிக்கொண்டது. அதன் இளமஞ்சள் நிறமே படத்துக்கு வெளிச்சமானது.

அதே கிழக்கிலிருந்து போன இன்னொரு பொருள்தான் தாள் ஒட்டும் கலையைப் பிறப்பித்தது: லாக்கர் என்னும் பளபளப்புப் பூச்சிட்ட சீன, ஜப்பானியப் பெட்டிகளும் அலமாரிகளும். அவற்றின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வெனிஸ் தச்சர்கள் ஒரு வழி கண்டார்கள். அருகிலுள்ள பஸ்ஸானோ நகரில் ரெமொந்தீனி குடும்பத்து அச்சகம் வெளியிட்ட படங்களை வாங்கி, வண்ணம் தீட்டி, கத்தரித்து, மரச் சாமானில் ஒட்டி, மேலே வார்னிஷை அடுக்கடுக்காகப் பூசினார்கள். ‘லாக்கா பொவேரா’ என்று பெயர், ஏழையின் லாக்கர். பிரெஞ்சு மொழியில் ‘வெட்டி எடுப்பது’ என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த டெக்கூபாஜ் என்ற பெயரில் இன்று உலகமே அதைச் செய்கிறது.

அந்தக் கலைக்கு ஒரு தீராத தொல்லை, தாளின் ஓரம். கத்தரித்த தாளுக்குக் கூரான விளிம்பு உண்டு. அதன் தடிமன் விரலுக்குத் தட்டுப்படாத வரை வார்னிஷ் பூசுவதும் தேய்ப்பதும் மறுபடி பூசுவதுமாகப் பொறுமையைச் சோதிக்கும் வேலை அது.

ஓரத்தை மறைக்கும் வித்தை வேறொரு துறையில் இருந்தது: பழைய நூல்களைச் செப்பனிடுவதில். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு பெருகி ஃப்ளோரன்ஸ் நகருக்குள் புகுந்தது. தேசிய மைய நூலகத்தின் நூல்கள் சேற்றில் புதைந்தன. பல நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள் கைக்குக் கை மாற்றி அவற்றை வெளியே எடுத்தார்கள். கிழிந்த ஏடுகளைத் தைலம் போல் ஆற்றியவை ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும். ஏடு செப்பனிடுவோர் அந்தத் தாளைக் கத்தரிப்பதைத் தவிர்ப்பார்கள். ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, அந்த ஈரத்தின் வழியே மெல்லப் பிய்ப்பார்கள். நீண்ட நார்கள் அறுபடாமல் பிரிந்து, பூனைமுடி போல் ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். பசை பட்டதும் அவை பழைய ஏட்டோடு இழைந்துவிடும். கூரான விளிம்பு என்று ஒன்று இருக்காது.

இன்று கைவினைக்காரர்கள் கையாளுவது அதே ஈரக்கோடுதான். லாக்கா பொவேரா பிறந்த இத்தாலியிலேயே இப்போது ஏ4 அளவில் படம் அச்சடித்த ரைஸ் பேப்பர் விற்கிறார்கள். கிழக்கத்திய லாக்கரைப் பார்த்து ஏங்கிய கலைக்குக் கிழக்கத்தியத் தாளே துணைக்கு வந்திருக்கிறது. கடைத் தாள்கள் பலவும் இயந்திரத்தில் ஆனவை, வேறு நார்களும் கலந்தவை. ஆனாலும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நூல் சிந்தியது போல் உள்ளே ஓடும் இழைகள் குலத்தைச் சொல்லிவிடும்.

என் மேசையில் இந்தத் தாளின் பயணம் முடிகிற விதத்தைச் சொல்கிறேன். மரப்பெட்டியில் ஒட்டுவதானால், முதலில் வெள்ளை அக்ரிலிக் பூச்சு வேண்டும். பசை பட்டதும் தாளின் வெள்ளைப் பகுதி கண்ணாடி போல் ஆகிவிடும். அடியில் இருண்ட நிறம் இருந்தால் பூவையே அது விழுங்கிவிடும். பசையை மெல்லியதாகத் தடவி, தாளை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி, காய்ந்த பின் மேலே ஒரு பூச்சு. பெட்டியின் விளிம்பைத் தாண்டி நிற்பதை உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்தால் உதிர்ந்துவிடும். சொந்தப் படத்தை அச்சடிப்பவர்கள் லேசர் அச்சை நாடுவது நல்லது. இங்க்ஜெட் மை பல நேரம் ஈரத்தில் கலைந்துபோகும்.

படமும் எழுத்தும் சேரும் ஆர்ட் ஜர்னல் ஏட்டில் ஒட்டுவது எனக்கு அதைவிடப் பிரியம். பெட்டியில் குறையாகத் தெரியும் அந்தக் கண்ணாடித்தன்மை இங்கே வரமாகிவிடும். அம்மாவின் கையெழுத்தில் இருந்த மளிகைச் சீட்டு ஒன்றை ஒரு பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். துவரம்பருப்பு, மல்லி, கடுகு என்று பென்சிலில் எழுதியது. அதன்மேல் ஒரு கிளைப் படத்தை ஈரக்கோட்டில் பிய்த்து வைத்தேன். காயக் காய, கிளைக்கு அடியிலிருந்து பென்சில் எழுத்து மேலே வந்தது. மல்லிக்கு மேல் ஒரு இலை.

மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். தாள் எங்கே முடிகிறது, சீட்டு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குப் புலப்படவில்லை.