சர்ப்பகந்தி வேரும் பூனைக்காலி விதையும்

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் கொழுந்து பறித்துக் களைத்த கை நடுங்கத் தொடங்கி, நடையும் குறுகினால், “வயசுக் கோளாறு” என்போம். சிலர் பேய், ஜின் என்பர். பார்க்கின்சன் நோயாகவும் இருக்கலாம். மூளையில் டோபமின் குறைவதால் வருவது அது. அதைக் கண்டறிந்த வரலாற்றில் நம்மவர் பங்கும் உண்டு.

சர்ப்பகந்தி வேரை யூனானி ஹக்கீம்களும் ஆயுர்வேத வைத்தியர்களும் சித்தக்கலக்கத்துக்கு நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். பழைய மருந்துகளை இரசாயன முறையில் சோதிக்க விரும்பிய ஹக்கீம் அஜ்மல் கான் (1868–1927), டில்லியில் ஆய்வுக்கூடம் அமைக்கும் பொறுப்பை ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கியிடம் கொடுத்தார். ஹக்கீம் மறைந்த பிறகு, 1931இல், அந்த வேரிலிருந்து பிரித்த பொருளொன்றுக்கு ஸித்தீக்கி ‘அஜ்மலின்’ என்று பேர் வைத்தார்.

அதே வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பனியார் ரெசர்பினைப் பிரித்தார்கள். இரத்த அழுத்தத்துக்கு அதைக் குடித்தவர்களில் சிலருக்குப் பார்க்கின்சன் நோயாளிகளைப்போல உடல் விறைத்தது.

காரணம் இதுதான். நரம்பின் நுனியில் சிறு பைகளில் டோபமின் சேர்ந்திருக்கும். சைகை வந்ததும் பை திறந்து, டோபமின் இடைவெளியைக் கடந்து அடுத்த நரம்பின் ஏற்பியில் ஒட்டும். ரெசர்பின் அந்தப் பைகளை நிரம்ப விடாது. வெளியே தங்கும் டோபமினை நொதியங்கள் சிதைத்துவிடும்.

1957இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன், ரெசர்பினால் அசையாமல் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா ஏற்றினார். அவை எழும்பி நடமாடின. இரத்தத்திலிருந்து டோபமின் மூளைக்குள் போகாது. எல்-டோபா போகும், போய் டோபமினாக மாறும். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமின் குறைவதை 1960இல் வியன்னாவில் ஹோர்னிகிவிச் காட்டினார். கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த எல்-டோபாவை 1913இல் ஒருவகை அவரையிலிருந்து குக்கன்ஹைம் பிரித்திருந்தார். நம் பூனைக்காலி விதையிலும் அது இருப்பதை 1937இல் சென்னையில் தாமோதரனும் ராமசுவாமியும் காட்டினார்கள்.

‘எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே’ என்று மார்தட்ட இது போதாது. ஹக்கீம்களுக்கு வேரின் குணம் தெரியும், டோபமின் தெரியாது. தன் மருந்தைத் தானே ஆய்வுக்கு ஒப்படைத்த அஜ்மல் கானின் துணிவே நமக்கு முன்மாதிரி.

ஓதிப் பார்ப்பதைத் தடுக்கவில்லை. ஆனால் வயசாளியை லயத்துக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பூனைக்காலியை அரைத்துக் கொடுக்கவும் வேண்டாம், அளவு தெரியாது. நோய் பார்க்கின்சன்தான் என்றால் டாக்டர் எழுதும் குளிசையில் பெரும்பாலும் இதே எல்-டோபாதான் இருக்கும்.