ஒரு வரித் தமிழை வழங்கிக்கு அனுப்பும்போது

"குழாய் நீரைக் குடிக்க வேண்டாம்." வெள்ளக் காலத்தில் செய்தித்தளமொன்று வாசகர்களின் கைபேசிக்கு இப்படியொரு அறிவித்தலை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். இணையத்தில் இது ஓர் எச்.ரி.ரி.பி கோரிக்கையின் உடற்பகுதியாகவே வழங்கிக்குப் போகிறது. படிவமோ ஜேசன் கட்டமைப்போ அவசியமில்லை, வெறும் எழுத்துச்சரமே போதும். ஆனால் அந்தச் சரம் எத்தனை பைட் நீளமானது, எந்தக் குறியாக்கத்தில் உள்ளது என்பதைத் தலைப்பு வரிகள் சொல்லவேண்டும். தமிழுக்குச் சிக்கல் வருவது அங்கேதான்.

முதலில் நீளம். ஜாவாஸ்கிரிப்ட்டிடம் மேற்படி வரியின் நீளத்தைக் கேட்டால், முற்றுப்புள்ளி நீங்கலாக 30 என்கிறது. விசிறி, புள்ளி, கால் எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. யு.ரி.எப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், இடைவெளிக்கு 1 பைட். ஆக 27 குறிகளும் 3 இடைவெளிகளும் சேர்ந்து 84 பைட். 'கொன்டென்ட்-லெங்த்' என்ற தலைப்பு வரி கேட்பது இந்த 84ஐ. அங்கே 30 என்று எழுதிய நிரலில், வழங்கி 30 பைட்டோடு வாசிப்பை முடித்துக்கொள்ளும். கிடைப்பது "குழாய் நீர", கூடவே ஓர் உடைந்த துண்டு. எதிர்மறையைக் கடைசியில் வைக்கும் மொழி நம்முடையது. "வேண்டாம்" வந்துசேரவே சேராது.

ஆங்கில வரியில் எழுத்தும் பைட்டும் சமம் என்பதால், ஆங்கிலத்தில் மட்டும் பரிசோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படாது. தமிழ்த் தளத்துக்கு மென்பொருள் செய்பவரிடம் நான் முதலில் கேட்பது, தமிழிலேயே பரிசோதித்தீர்களா என்பதைத்தான். உலாவியின் 'பெட்ச்' கட்டளை நீளத்தைத் தானே சரியாகக் கணிக்கும். நோட் ஜேஎஸ்ஸில் கையால் எழுதுவோருக்கு 'பபர்.பைட்லெங்த்' இருக்கிறது.

அடுத்தது குறியாக்கம். 1999ஆம் ஆண்டின் எச்.ரி.ரி.பி விதிமுறை, எதுவும் குறிப்பிடாத உரையை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான ஐஎஸ்ஓ-8859-1 என்றே எடுத்துக்கொள்ளச் சொன்னது. 2014இல் அது நீக்கப்பட்டாலும், ஜாவா சேர்வ்லெட் போன்றவற்றில் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. அப்படி வாசித்தால் 'கு' ஆறு விசித்திரக் குறிகளாகிவிடும். 'டெக்ஸ்ட்/பிளெய்ன்; சார்செட்=யுடிஎப்-8' என்று 'கொன்டென்ட்-டைப்' வரியில் எழுதிவிட்டால் குழப்பமில்லை. 'கேர்ள்' கருவியின் '-டி' தெரிவைப் பயன்படுத்துவோர் இதைக் கட்டாயம் எழுதவேண்டும். இல்லாவிட்டால் அது உங்கள் வரியை இணையப் படிவம் என்று அறிமுகப்படுத்தும்.

வழங்கி ஜேசன் மட்டுமே ஏற்கும் என்றால், அதே வரியை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இட்டு அனுப்பலாம். அந்தக் குறிகளும் உடற்பகுதியைச் சேர்ந்தவை, எனவே நீளம் 86 ஆகும்.