தாயகம் செல்லத் தந்த விடுமுறை

அவுஸ்திரேலியாவில் நீண்டகாலச் சேவை விடுமுறை பிறந்த கதை நம்மவர் நெஞ்சைத் தொடுவதாகும். 1860களில் விக்டோரியக் குடியேற்ற அரசு, தன் உத்தியோகத்தர் கப்பலேறித் தாயகமான இங்கிலாந்துக்குச் சென்று மீள்வதற்காகவே அதனை வழங்கியது. உத்தியோகத்தரின் அச்சலுகையைத் தொழிலாளரின் உரிமையாக்கியவை தொழிற்சங்கங்களே. நியூ சவுத் வேல்ஸ் 1951இலும் விக்டோரியா 1953இலும் அதற்குச் சட்டம் இயற்றின.

பல்கலைக்கழகங்களின் வரலாறும் இத்தகையதே. 1993இல் பல ஊழியர் சங்கங்கள் இணைந்து தேசிய உயர்கல்வித் தொழிற்சங்கமாயின. அதன் பிரதிநிதிகள் நிருவாகத்துடன் பேசி, விடுமுறைகளை ஒப்பந்தங்களில் எழுத்தாக்கி வந்துள்ளனர். சிட்னியிலும் மெல்பேணிலும் வளாகங்கள் கொண்ட அவுஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2001இல், 12 வாரம் முழுச் சம்பளமும் தொடர்ந்து 40 வாரம் 60 வீதச் சம்பளமும் கொண்ட மகப்பேற்று விடுமுறையை அறிவித்தது. நாடளாவிய அரச கொடுப்பனவோ 2011இலேயே, 18 வாரங்களுக்கெனத் தொடங்கியது.

எனினும், மணித்தியாலக் கணக்கில் பணியாற்றும் தற்காலிக ஊழியருக்குச் சம்பளத்துடனான ஆண்டு விடுமுறையும் சுகயீன விடுமுறையும் இன்றும் இல்லை.

தாயகம் திரும்பும் வழியற்று வந்த நமக்கும் இவ்வுரிமைகள் பொதுவானவை. தொழிலை ஏற்கும்போதே ஒப்பந்தத்தை வாசித்து, சங்கப் பிரதிநிதி யாரென அறிந்து வைத்தல் நன்று. எழுதப்படாத விடுமுறையைக் கேட்டுப் பெறுவது கடினம்.