அடி வேணும், அடிக்கிறவன் வேணாம்: வாஷிங்டன் நகரத்து பங்க் இசையின் கதை

எங்க அப்பா பறையடிக்கிறவர். ஊர்த் திருவிழாவுக்கு மூணு நாளும் அடிக்கணும். அவர் அடிச்சாத்தான் சாமி புறப்படும். ஆனா கோயில் வாசலுக்கு எட்ட நின்னுதான் அடிக்கணும். மூணாம் நாள் சாயந்திரம் கூலி நெல்லைத் துண்டில் தள்ளி நின்று கொட்டுவாங்க. "அவனுகளுக்கு அடி வேணும்டா, அடிக்கிறவன்தான் வேணாம்" என்று சொல்லி அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. எங்கேயோ கிடக்கிற அமெரிக்கத் தலைநகரத்தின் இசையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தச் சிரிப்புத்தான் முதலில் காதில் விழுகிறது.

1996ல் அமெரிக்காவில் படிக்கப் போயிருந்த தோழர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது ஒரு கேசட் கொடுத்தார். மஞ்சள் அட்டை. அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டிடத்தின் குவிமாடத்தில் மின்னல் இறங்குகிற படம். பேட் பிரெய்ன்ஸ் என்ற குழுவின் கேசட். போட்டுக் கேட்டால் ஒண்ணும் பிடிபடவில்லை. காதைக் கிழிக்கிற வேகம். அம்மா அடுப்படியிலிருந்து வந்து "யாருக்குடா பேய் ஓட்டுறாங்க?" என்று கேட்டது. பாடுகிற நாலு பேரும் கறுப்பர்கள் என்று தோழர் சொன்ன பிறகு திரும்ப எடுத்துக் கேட்டேன். அதன் பிறகு அந்த நகரத்து இசை பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் பெரும்பகுதி வெள்ளைப் பையன்களின் கதையாகவே இருந்தது. தொடங்கியவர்கள் கறுப்பர்கள் என்று ஒரு பத்தியில் மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கதை வேறு பக்கம் போய்விடும். இந்தக் கட்டுரை அந்த ஒரு பத்தியைப் பற்றியது.

முதலில் நகரம். 1970 கணக்குப்படி வாஷிங்டனில் நூற்றுக்கு எழுபத்தொரு பேர் கறுப்பர்கள். 'சாக்லேட் நகரம்' என்று 1975ல் பார்லியமென்ட் குழு ஒரு இசைத்தட்டுக்கே பேர் வைத்தது. ஆனால் உலகத்துக்கு ஜனநாயகம் போதிக்கிற அந்தத் தலைநகரத்து மக்களுக்குத் தங்கள் மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1973ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. பாராளுமன்றத்தில் வாக்குப் போடும் உறுப்பினர் இன்றும் அவர்களுக்குக் கிடையாது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது பதினான்காம் தெருவும் ஏழாம் தெருவும் எச் தெருவும் எரிந்தன. வசதியுள்ளவர்கள் வெளியேறினார்கள். எரிந்த கட்டிடங்கள் பல வருஷக்கணக்கில் அப்படியே நின்றன. வாடகை மலிந்த அந்த நகரத்தில்தான் பங்க் வந்து குடியேறியது.

பங்க் என்றால் என்ன என்று கேட்கிற தோழர்களுக்கு: 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய கலக இசை. கிதாரில் மூன்று கார்டு தெரிந்தால் மேடையேறலாம், வித்துவான்களுக்கு இங்கே வேலையில்லை என்பது அதன் கட்சி. அதையே இன்னும் வேகமாக, இன்னும் சுருக்கமாக, ஒன்றிரண்டு நிமிஷத்தில் அடித்து முடித்தால் அது ஹார்ட்கோர். அந்த வேகத்தை முதலில் கண்டவர்களில் முக்கியமானவர்கள் பேட் பிரெய்ன்ஸ். பாடகர் எச்.ஆர்., டிரம்ஸ் அவருடைய தம்பி ஏர்ல் ஹட்சன், கிதார் டாக்டர் நோ, பேஸ் கிதார் டேரில் ஜெனிஃபர். நகரத்தின் கிழக்கு எல்லையை ஒட்டிய மேரிலாந்துப் புறநகர்ப் பையன்கள். மைண்ட் பவர் என்ற பேரில் ஜாஸ் கலந்த கடினமான இசை வாசித்துக்கொண்டிருந்தவர்கள். அதாவது வித்துவான்கள். வாசிக்கத் தெரியாததால் வேகமாக வாசித்தவர்கள் இல்லை, நன்றாகத் தெரிந்ததால் அந்த வேகத்தைக் கட்டி மேய்த்தவர்கள். 1980ல் வந்த அவர்களுடைய முதல் பாட்டு ஒன்றரை நிமிஷம்தான். கறுப்பன் என்றால் இதைத்தான் வாசிப்பான் என்று மற்றவன் போட்டு வைத்த கோட்டை அந்த ஒன்றரை நிமிஷத்தில் அவர்கள் அழித்தார்கள்.

1979ல் அவர்கள் செய்த ஒரு காரியத்தை நாம் கவனிக்க வேண்டும். லண்டனில் நிறவெறிக்கு எதிராக இசைக்காரர்கள் நடத்திவந்த கச்சேரிகளைப் பார்த்து எச்.ஆர். தன் நகரத்திலும் அப்படிச் செய்ய நினைத்தார். அனகோஸ்டியா ஆற்றுக்கு அப்பால், ஏழைக் கறுப்பர்களுக்காக அரசு கட்டிய வேலி கிரீன் குடியிருப்பில் திறந்தவெளியில் வாசித்தார்கள். லூசியன் பெர்கின்ஸ் என்ற புகைப்படக்காரர் எடுத்த படங்கள் இருக்கின்றன. குடியிருப்புப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று வாய் பிளந்து பார்க்கிறார்கள். பங்க் வெள்ளைக்காரப் பையன்களின் விளையாட்டு என்று சொல்கிறவர்களுக்கு அந்தப் படங்களைக் காட்டலாம்.

நகரத்து மதுக்கூடங்கள் இந்தக் குழுவுக்கு மேடை தர மறுக்க ஆரம்பித்தன. கூட்டம் கட்டுக்கடங்கவில்லை என்பது காரணம். தாங்கள் தடை செய்யப்பட்டதையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டுப் போட்டுவிட்டு, 1981 வாக்கில் அவர்கள் நியூயார்க் போய்விட்டார்கள். நான் கேட்ட மஞ்சள் கேசட் 1982ல் அங்கிருந்து வந்தது. சொந்த ஊரின் அதிகாரக் கட்டிடத்தில் மின்னல் இறங்குகிற படத்தை அவர்கள் வெளியூரிலிருந்துதான் அச்சடிக்க முடிந்தது.

இனி வெள்ளைப் பையன்கள். நகரத்தின் வடமேற்கில், வசதியான பகுதியில், உட்ரோ வில்சன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள் இயன் மெக்காயும் ஜெஃப் நெல்சனும். பேட் பிரெய்ன்ஸைப் பார்த்துத்தான் வாசிக்கக் கற்றோம் என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள். அதில் களவு இல்லை. பேட் பிரெய்ன்ஸ் கையில் வாத்தியமில்லாமல் நின்றபோது தங்கள் வாத்தியத்தையும் ஒத்திகை பார்க்கும் இடத்தையும் கொடுத்திருக்கிறார்கள். தங்கள் டீன் ஐடில்ஸ் குழு கலைந்தபோது சேர்த்து வைத்திருந்த சில நூறு டாலரில் 1980ல் ஒரு தட்டுப் போட்டார்கள். அதற்காகத் தொடங்கியதுதான் டிஸ்கார்ட் நிறுவனம். உறைகளைக் கையால் வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். ஒப்பந்தம் கிடையாது. பிறகு மெக்காய் இருந்த ஃப்யூகாஸி குழு பெரும்பாலும் ஐந்து டாலர் சீட்டுக்கு வாசித்தது. வயது குறைந்தவர்களுக்குக் குடிக்கத் தர வேண்டாம் என்று கையில் போட்ட எக்ஸ் குறியை, குடிக்காதவனின் கொடியாக மாற்றினார்கள். கைக்காசு போட்டுப் பத்திரிகை நடத்துகிற நமக்கு இதில் பாடம் இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே மெக்காயின் மைனர் த்ரெட் குழு 1981ல் வெளியிட்ட ஒரு பாட்டின் பேர், வெள்ளையாக இருப்பதே குற்றம் என்று பொருள்படும். கறுப்பர்கள் பெரும்பான்மையாக இருந்த பள்ளியில், அடிமை முறைக்குப் பழியாகத் தன்னை அடித்தார்கள், நான் என்ன செய்தேன் என்பது அவர் கேள்வி. நிறவெறிக்கு எதிராகத்தான் எழுதினேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். நம்புகிறேன். அடிபட்ட பையனின் வலி பொய்யில்லை. ஆனால் 1990ல் மண்டல் சமயத்தில் எங்கள் கல்லூரி விடுதியில் இதே கேள்வியை நான் கேட்டேன். "எங்க தாத்தா செஞ்சதுக்கு எனக்கு ஏன்டா தண்டனை?" கேட்டவன் நல்லவன், என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். தாத்தாவின் நிலம் மட்டும் அவனுக்கு வேணும், தாத்தாவின் கணக்கு வேணாம். 1996ல் ஸ்லேயர் என்ற குழு அந்தப் பாட்டைக் கடைசியில் ஒரு சொல்லை மாற்றிப் பாடியது. வெள்ளையாக இருப்பது போய், சரியாக இருப்பதே குற்றம் என்று ஆனது. எழுதியவரே நொந்துபோனார். வலியைச் சொல்லும்போது அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவில்லை என்றால், அந்தப் பாட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்.

அந்தப் பள்ளிக்கூடம் நிற்கிற நிலத்தின் கதையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. உள்நாட்டுப் போரின்போது அங்கே ரெனோ கோட்டை கட்டினார்கள். போர் முடிந்ததும் விடுதலையான கறுப்பர்கள் அதைச் சுற்றி நிலம் வாங்கிக் குடியேறினார்கள். தேவாலயம் கட்டினார்கள். 1903ல் அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி வந்தது. சுற்றிலும் வெள்ளையர்களின் புறநகர் வளர்ந்ததும் இந்தச் சேரி கண்ணை உறுத்தியது. 1920களின் கடைசியிலிருந்து அரசு வீடு வீடாகக் கையகப்படுத்தியது. பூங்கா வேணும், பள்ளி வேணும், தண்ணீர்த்தொட்டி வேணும் என்றது. 1931ல் ஒரு பள்ளியும் 1935ல் வில்சன் பள்ளியும் எழுந்தன. இரண்டும் வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும். 1950களின் தொடக்கத்துக்குள் கடைசி வீடும் போய்விட்டது. அந்தப் பூங்காவில்தான் 1968லிருந்து கோடைக்கால இலவசக் கச்சேரிகள் நடக்கின்றன. ஃப்யூகாஸி வருஷா வருஷம் வாசித்த புகழ்பெற்ற ரெனோ மேடை அதுதான். காசு வாங்காத, யாரையும் தள்ளி வைக்காத கச்சேரி, தள்ளி வைக்கப்பட்டவர்களின் வீட்டுமனையில். வாசித்தவர்கள் யாரையும் விரட்டவில்லை. விரட்டி முடித்த பிறகு பிறந்தவர்கள் அவர்கள். அந்த இலவசத்துக்கு ஏற்கனவே விலை கொடுத்தவர்கள் வேறு யாரோ. அந்தப் பள்ளியின் பேரை 2022ல் மாற்றி, அங்கே வேலை பார்த்த முதல் கறுப்பு ஆசிரியையின் பேரையும் முதல் கறுப்புத் தலைமையாசிரியரின் பேரையும் சேர்த்து ஜாக்சன் ரீட் என்று வைத்திருக்கிறார்கள். பேர் திரும்பியது. மனை திரும்பவில்லை.

இரண்டு பக்கமும் சேர்ந்த தருணங்களும் உண்டு. அந்த நகரத்துக் கறுப்பர்களின் சொந்த இசை கோ-கோ. சக் பிரவுன் 1970களில் வளர்த்தெடுத்தது. பாட்டு முடிந்தாலும் தாளம் நிற்காது. அடுத்த பாட்டு வரும்வரை தோல் பேசிக்கொண்டே இருக்கும். எங்க அப்பா கேட்டிருந்தால் "இது நம்ம அடிடா" என்று சொல்லியிருப்பார். 1983 செப்டம்பரில் மைனர் த்ரெட் தன் கடைசிக் கச்சேரியை ட்ரபிள் ஃபங்க் என்ற கோ-கோ குழுவோடு ஒரே மேடையில் நடத்தியது. 1985ல் பங்க் இளைஞர்கள் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன்னால் கையில் கிடைத்த டிரம்மையும் தகரத்தையும் அடித்து நிறவெறி ஆட்சியை எதிர்த்தார்கள். அதே வருஷம் தொடங்கிய பாசிட்டிவ் ஃபோர்ஸ் அமைப்பு கச்சேரி வருமானத்தை ஏழைகளுக்கான மருத்துவமனைகளுக்கும் முதியோருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1991ல் பெண்கள் தனிக் கூட்டம் போட்டுப் பேசினார்கள். முட்டி மோதுகிற ஆண்கள் பின்னால் போகட்டும், பெண்கள் மேடைக்கு முன்னால் வரட்டும் என்றார்கள்.

நம்ம ஆள் என்பதற்காகக் குற்றத்தை மறைக்கக் கூடாது. 1982ல் டெக்சாஸ் போன பேட் பிரெய்ன்ஸ், தங்களுக்கு இடமும் உதவியும் தந்த பிக் பாய்ஸ் குழுவின் பாடகர் ஓரினச் சேர்க்கையாளர் என்று தெரிந்ததும் மதத்தின் பேரில் இழிவாக நடந்துகொண்டார்கள். தடை செய்யப்பட்டவன் இன்னொருவனைத் தடை செய்தான். நம் தெருவிலும் பெண்கள் விஷயத்தில் இதைப் பார்க்கிறோம்.

இன்று என்ன நிலை? 2011 வாக்கில் வாஷிங்டனில் கறுப்பர்கள் பாதிக்கும் கீழே போனார்கள். எரிந்த தெருக்களில் சொகுசுக் குடியிருப்புகள் எழுந்தன. ஏழாம் தெருவில் ஒரு கைபேசிக் கடை இருபது வருஷத்துக்கு மேலாக வாசலில் ஒலிபெருக்கி வைத்து கோ-கோ போட்டு வந்தது. 2019ல் பக்கத்துப் புதுக் கட்டிடத்தில் குடிவந்தவர் சத்தம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்தார், பாட்டு நின்றது. சனங்கள் விடவில்லை. ஆயிரக்கணக்கில் திரண்டு, நகரத்தின் வாயை அடைக்காதே என்று தெருவில் வாசித்து ஆடினார்கள். பாட்டுத் திரும்ப வந்தது. 2020ல் கோ-கோவை நகரத்தின் அதிகாரபூர்வ இசையாக அறிவித்துச் சட்டமும் வந்தது. நல்லதுதான். ஆனால் சட்டம் தாளத்தைக் காப்பாற்றும், வாடகையைக் காப்பாற்றாது.

பங்க்குக்கும் மரியாதை வந்துவிட்டது. 2014லிருந்து நகரப் பொதுநூலகம் பங்க் ஆவணக் காப்பகம் நடத்துகிறது. துண்டறிக்கை, கேசட், புகைப்படம் எல்லாம் சேர்கின்றன. யாரிடமிருந்து சேரும்? பெட்டியைப் பத்திரமாக வைக்க வீடு இருந்தவரிடமிருந்து. 1981லிருந்து ஆர்லிங்டனில் டிஸ்கார்டுக்கு ஒரு வீடு இருக்கிறது. அங்கே காகிதமெல்லாம் பத்திரமாக இருக்கிறது. இசையைக் கண்டுபிடித்தவர்கள் ஊர் ஊராக, வீடு வீடாக மாறிக்கொண்டிருந்தார்கள். வரலாற்றில் அவர்கள் ஒரு பத்தியானதற்கு வன்மம் ஒன்றே காரணமில்லை. பரண் இல்லாதவனுக்குப் பழைய காகிதம் தங்குவதில்லை.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாவும் ராக்கும் பறையும் ஒன்றாக ஒலித்ததைக் கேட்டு அழுதேன். அதற்கு முன்னால் தொண்ணூறுகளில் மதுரையில் தலித் கலை விழாக்களில் பறையை ஊர் நடுவில் தூக்கி அடித்தவர்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேருடைய அடி கேசட்டில் இருக்கிறது? எங்க அப்பா 2003ல் போனார். அவருக்கும் அடித்துத்தான் அனுப்பினோம். என் வீட்டில் அந்த மஞ்சள் கேசட் இன்னும் இருக்கிறது. அப்பா அடித்தது ஒரு நிமிஷம்கூட இல்லை.

தோழர்களே, உங்கள் வீட்டில் பழைய கேசட், நோட்டீஸ், கலை விழாப் புகைப்படம் ஏதாவது கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் தேதியும் ஆள் பேரும் எழுதி வையுங்கள். அடித்தவர் உயிரோடு இருந்தால் இன்றைக்கே போய்ப் பதிவு செய்யுங்கள்.