கல்லூரி வளாகத்தை நேரில் பார்வையிட்டால் சேர்க்கை வாய்ப்பு கூடுமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் இந்திய மாணவர்களின் பெற்றோர் பலருக்கு எழும் ஐயம் இது. விமானக் கட்டணம், விசா, தங்குமிடம் என லட்சக்கணக்கில் செலவாகும் பயணம் என்பதால், விடையை அறிந்த பின்னரே டிக்கெட் எடுப்பது நல்லது.

விடை கல்லூரிக்குக் கல்லூரி மாறுபடும். ஸ்டான்ஃபோர்டு, யேல், எம்ஐடி, கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஆகியவை வளாக வருகையைச் சேர்க்கை முடிவில் கருத்தில் கொள்வதில்லை. விண்ணப்பங்கள் குவியும் இந்நிறுவனங்களுக்கு அதற்கான தேவையும் இல்லை.

நடுத்தர அளவிலான தனியார் கல்லூரிகள் சிலவற்றின் நிலை வேறு. இடம் வழங்கப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் சேருவார்கள் என்பதைப் பொறுத்தே அவற்றின் வருவாயும் விடுதித் திட்டமிடலும் அமைகின்றன. எனவே விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வத்தை அவை பதிவு செய்கின்றன. இத்தகைய பல்கலைக்கழகம் ஒன்றின் தரவுகளைக் கொண்டு பொருளியலாளர்கள் 2017-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, மின்னஞ்சல் போன்ற செலவில்லாத தொடர்புகளைவிட நேரடி வருகைக்குக் கூடுதல் பலன் இருப்பதாகவும், உயர்ந்த எஸ்ஏடி மதிப்பெண் பெற்றவர்களிடம் அது அதிகமாகத் தென்படுவதாகவும் தெரிவித்தது. மதிப்பெண் மிகுந்த மாணவர் வேறிடம் சென்றுவிடுவார் என்ற அச்சமே இதற்குக் காரணமாக இருக்கலாம்.

வசதி படைத்தோருக்கே இம்முறை சாதகமானது என்ற விமர்சனம் நியாயமானதே. ஏழை மாணவர்களைத் தமது செலவில் அழைத்துச் செல்லும் கல்லூரிகளும் உண்டு. ஆனால் அவ்வாய்ப்பு பெரும்பாலும் அமெரிக்காவில் வசிப்போருக்கே. எனினும், கடல் கடந்து வாழும் மாணவர் நேரில் வரவேண்டும் எனக் கல்லூரிகள் பொதுவாக எதிர்பார்ப்பதில்லை. இணையவழி அறிமுகக் கூட்டம், நேர்காணல், அக்கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதை விளக்கும் கட்டுரை ஆகியவற்றின் மூலமும் ஆர்வத்தைக் காட்டலாம்.

குறிப்பிட்ட கல்லூரியின் நிலைப்பாட்டை அறிய, அது ஆண்டுதோறும் வெளியிடும் 'பொதுத் தரவுத் தொகுப்பு' ஆவணத்தின் சி7 பகுதியைப் பார்க்கலாம். விண்ணப்பதாரரின் ஆர்வம் 'மிக முக்கியம்' என்பது முதல் 'கருதப்படுவதில்லை' என்பது வரை நான்கு நிலைகளில் ஒன்றாக அதில் குறிக்கப்பட்டிருக்கும்.

இந்தியாவில் ஐஐடி சேர்க்கை ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசை அடிப்படையிலும், எம்பிபிஎஸ் சேர்க்கை நீட் தரவரிசை அடிப்படையிலும் நடைபெறுவதால், வளாக வருகைக்கு அங்கு எந்த மதிப்பும் இல்லை.

அமெரிக்கா செல்வோர் கவனிக்க வேண்டியது: சேர்க்கை அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்யாமல் வளாகத்தைச் சுற்றிப் பார்த்தால், அந்த வருகை கல்லூரியின் கணக்கில் வராது.