வளரிளம் பருவத் தற்கொலை எண்ணம்

வளரிளம் பருவத்தில் எழும் தற்கொலை எண்ணம் வயது ஏறினால் தானே போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அப்படி ஒதுக்கிவிட முடியாது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 1977-இல் பிறந்த 1,265 குழந்தைகளை ஆய்வாளர் டேவிட் ஃபெர்குசன் குழுவினர் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்தனர். 18 வயதுக்குள் இந்த எண்ணத்துக்கு ஆளானவர்களிடம், 25 வயதுக்குள் மனச்சோர்வு நோயும் மீண்டும் அதே எண்ணமும் மற்றவர்களைவிட அதிகம் காணப்பட்டன. முயற்சி வரை போனவர்களிடம் இன்னும் அதிகம். ஆனாலும் இது தலைவிதி அன்று. பலர் மீண்டு நலமாகவே வாழ்கிறார்கள்.

'சாக வேண்டும்போல் இருக்கிறதா?' என்று பிள்ளையிடம் நேராகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது, பேச வழிவிடும். அறிவுரையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் காது கொடுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.