தொலைக்காட்சியும் இல்லத்தின் நேர வரம்பும்

இல்லத்தில் தொலைக்காட்சியை அளவோடு பார்ப்பது எவ்வாறு என்பது பெற்றோரும் ஆசிரியரும் இன்று ஒருங்கே எழுப்பும் வினாவாகும். இதற்கு விடை காண விழைவோர், அக்கருவி சிங்கப்பூருக்கு வந்த வரலாற்றைச் சற்றே நோக்குதல் நலம்.

1963ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் மாலை, ‘டெலிவிஷன் சிங்கப்பூரா’வின் சோதனை ஒளிபரப்பைப் பண்பாட்டு அமைச்சர் திரு. எஸ். இராஜரத்தினம் தொடங்கி வைத்தார். அன்றைய நிகழ்ச்சிகள் 1 மணி 40 நிமிடமே நீடித்தன. சிங்கப்பூரைப் பற்றிய ஒரு விளக்கப் படம், கேலிச் சித்திரங்கள், செய்திப் படம், நகைச்சுவை, பல்சுவைக் கலைநிகழ்ச்சி ஆகியவற்றோடு அன்றைய காட்சி நிறைவுற்றது. முறையான ஒளிபரப்பு ஏப்ரல் 2ஆம் நாள் தொடங்கிற்று.

அந்நாளில் பெரும்பாலோர் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. மக்கள் சமூக நிலையங்களுக்குச் சென்று, கூட்டமாக அமர்ந்து பார்த்தனர். மேலும், நான்கு மொழிகளும் ஒளிபரப்பு நேரத்தைப் பகிர்ந்துகொண்டமையால் தமிழுக்குக் கிட்டிய பொழுது சிறிதே. தமிழர் அப்பொழுதை எதிர்நோக்கியிருக்க வேண்டியதாயிற்று.

இதனைக் கொண்டு, நம் முன்னோர் நம்மினும் அடக்கம் மிக்கவர் என்று கருதுதல் பொருந்தாது. அவர்கட்கு வரம்பு விதித்தது ஒளிபரப்பு நிலையமே. தொடக்கமும் முடிவும் இடமும் வெளியிலிருந்து வகுக்கப்பட்டன. அவ்வரம்பு இன்று இல்லை. 2008ஆம் ஆண்டு அக்டோபரில் ‘வசந்தம்’ தமிழ் நிகழ்ச்சிகளுக்கு மிகுந்த இடமளிக்கும் தனி ஒளிவழியாயிற்று. அது நமக்கு வாய்த்த பேறு. ஆயினும் கைப்பேசி வழி இரவும் பகலும் காட்சிகள் ஓயாது வருகின்றன. நிலையம் கைவிட்ட வரம்பை இனி இல்லமே வகுத்தல் வேண்டும்.

அஃது அரிய செயலன்று. வாரத் தொடக்கத்தில் குடும்பத்தார் கூடிப் பார்க்கத்தக்கவற்றைத் தேர்ந்து ஒரு தாளில் குறிக்கலாம். தேர்ந்தது முடிந்ததும் கருவியை நிறுத்திவிடலாம். கூடத்தில் ஒன்றாக அமர்ந்து பார்க்கலாம். இவை யாவும் அன்றைய சமூக நிலையம் தந்த ஒழுங்கே.

இவற்றினும் சிறந்தது, பார்த்தபின் கால் மணி நேரம் அதைப் பற்றித் தமிழில் உரையாடுதல். தனித்திருந்து தமிழ் நிகழ்ச்சி பார்க்கும் பிள்ளை தமிழைக் கேட்கிறது, ஆனால் பேசுவதில்லை. கேட்கும் மொழி காதளவில் நிற்கும். பேசும் மொழியே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். பெட்டியை நிறுத்திய பின் வீட்டில் எழும் பேச்சே நம் மொழிக்கு உரமாகும்.